மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ஓவியம் விற்றால் கலை செத்துவிடுமா?

கலைஞன் என்றால் தனியாகத்தான் இருக்கணுமாம். சங்கம், கமிட்டி, ரசீது புத்தகம் என்று போனால் கலை செத்துவிடுமாம். இந்த வேதாந்தத்தை அள்ளிவிடுகிறவர்கள் கிங்கைட் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தால் தேவலை.

கனடாவின் வடக்கே, நுனாவுட்டில் இருக்கும் குட்டி ஊர் அது. இனுயிட் மக்கள் மொழியில் அந்தப் பேருக்கு 'உயர்ந்த மலைகள்' என்று அர்த்தம். 2020 வரை அதிகாரபூர்வப் பெயர் கேப் டோர்செட். சுமார் 1,400 பேர். 1959-ல் அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவானது. ஊர்க்காரர்கள்தான் உறுப்பினர்கள், அவர்கள்தான் முதலாளிகள். ஒரு பக்கம் மளிகைக் கடை, இன்னொரு பக்கம் ஓவியக்கூடம்!

நடைமுறை ரொம்ப சிம்பிள். வரைந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கையில் காசு. பிறகு அது விற்குமா விற்காதா என்பது சங்கத்தின் தலைவலி. தேர்ந்தெடுத்த படங்களைக் கல்லில் செதுக்கி, மை பூசி, வழக்கமாக 50 பிரதிகள் அச்சிட்டு, தெற்கே நகரத்து காலரிகளுக்கு அனுப்புவார்கள்.

"கமிட்டி தேர்ந்தெடுத்தால் எல்லாம் கரடியும் ஆந்தையுமாகத்தானே இருக்கும்?" நியாயமான கேள்விதான். வாங்குகிறவர்களில் பலர் கேட்டதும் அதைத்தான். ஆனால் அதே சங்கத்துக்காக வரைந்த ஆனி பூட்டூகூக், டிவி பார்க்கும் குடும்பத்தை வரைந்தார். பெண்ணை அடிக்கும் ஆணையும் வரைந்தார். 2006-ல் கனடாவின் சோபி விருது அவருக்குக் கிடைத்தது. எந்தக் கமிட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டது, சொல்லுங்கள்?

சரி, இவர்கள் கொண்டாடும் 'சுதந்திரச் சந்தை' என்ன செய்தது? கெனோஜுவாக் அஷெவாக்கின் 'மந்திர ஆந்தை' இதே சங்கத்தில் 1960-ல் 50 பிரதிகள் அச்சானது. 1970-ல் தபால்தலையிலும் ஏறியது. ஆரம்பத்தில் நூறு டாலருக்கும் கீழே போன படம், 2001-ல் ஏலத்தில் 58,000 டாலரைத் தாண்டியது. கெனோஜுவாக் அப்போது உயிரோடுதான் இருந்தார். அந்தப் பணத்தில் சல்லிக்காசு கேட்கக்கூட அவருக்குச் சட்டப்படி உரிமையில்லை. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு என்று பிரான்ஸ் 1920-லேயே சட்டம் போட்டுவிட்டது. 2001-ல் கனடாவில் அப்படி ஒன்று கிடையாது.

சங்கம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. முதல் விற்பனையோடு அதன் கை எட்டாமல் போகிறது. அதற்கு மேல் சட்டம்தான் வரவேண்டும். ஆனால் முதல் காசைக் கொடுத்தது யார்? மாவும் டீத்தூளும் விற்ற அதே சங்கம்தான். அந்தக் காசு இல்லாமல் அடுத்த படம் வந்திருக்குமா? பசியில்தான் கலை பிறக்கும் என்கிறவர்கள், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் அதைப் பேசுகிறார்கள்.