ஊட்டிக்குப் போவது அம்மாவா, மூட்டையா?

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டால் போதும். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடம் இராது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து இறங்கும் கூட்டம் ஒரு பக்கம். உஸ்மான் சாலையிலிருந்து வரும் கூட்டம் மறு பக்கம். 2023-ல் ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே ஆகாய நடைமேம்பாலம் திறந்தார்கள். அதன் மேலும் ஜனங்கள் பைகளைச் சுமந்து நடக்கிறார்கள்.

ஒரு கடை வாசலில் நின்று பாருங்கள். "ஊட்டியில் குளிருமாமே!" என்று ஒரு தாய் ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் எடுக்கிறாள். புதுத் துண்டு, புதுச் செருப்பு, சோப்புப் பெட்டி எல்லாம் வாங்குகிறாள். கடைசியில், இவற்றை வைக்க ஒரு புதுப் பெட்டியும் வாங்குகிறாள்!

பயணம் போவது நல்லதுதான். ஆனால் போவது யார்? மனிதர்களா, மூட்டைகளா?

எங்கள் வீட்டுக் கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தில் ஏழு பேர் ஊட்டிக்குப் புறப்பட்டோம். மொத்தம் பதினொரு உருப்படிகள். முறுக்கு டின் மட்டும் இரண்டு. அத்தனையையும் அடுக்கியது அம்மா ஒருத்திதான். நாங்கள் "என் சட்டையை வைத்தாயா? என் சீப்பை வைத்தாயா?" என்று கேட்டதோடு சரி.

சென்ட்ரலில் ரயில் ஏறினோம். இரவுச் சாப்பாடு முடிந்தது. அப்பா மெல்லக் கேட்டார்: "என் பிரஷர் மாத்திரையை எங்கே வைத்தாய்?"

அம்மாவின் முகம் வெளுத்து விட்டது. மாத்திரை வீட்டு அலமாரியிலேயே இருந்தது!

காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மருந்துக் கடையைத் தேடினோம். மாத்திரையின் பெயர் என்ன? யாருக்கும் தெரியவில்லை. டாக்டருக்குப் போன் செய்து, பெயர் கேட்டு வாங்குவதற்குள் மலை ரயில் போய்விட்டது. எல்லோரும் அம்மாவைத்தான் கோபித்தோம். நானும்தான். "உன் மாத்திரையை நீ ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?" என்று அப்பாவை ஒருவரும் கேட்கவில்லை.

திரும்பும் நாளில், விடுதி அறையைக் காலி செய்துவிட்டுத் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1848-ல் அமைத்த அழகான பூங்கா அது. நாங்கள் உள்ளே போனோம். பதினொரு உருப்படிகளுக்கும் காவலாக அம்மா வாசலில் உட்கார்ந்தாள். நாங்கள் பூவைப் பார்த்தோம். அவள் மூட்டையைப் பார்த்தாள்.

அன்றைக்கு எனக்கு அது தவறாகப் படவில்லை. இன்று வெட்கமாக இருக்கிறது.

அவரவர் பை அவரவர் தோளில்

ஆகவே என் கருத்து இதுதான். பெட்டி அடுக்குவது அம்மாவின் வேலை அல்ல. அது வீட்டார் அனைவரின் வேலை. ஆளுக்கு ஒரு பை. அவரவர் பையை அவரவரே அடுக்க வேண்டும். அவரவரே சுமக்க வேண்டும்.

"குழந்தைக்கு என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். எட்டு வயதுக் குழந்தைக்குத் தன் உடையை எண்ணி வைக்கத் தெரியும். ஒரு முறை சீப்பை மறந்தால், மறு முறை மறக்காது. "ஆண்களுக்கு இதெல்லாம் வராது" என்பதும் வெறும் சாக்கு. ஆபீஸ் வேலையாக வெளியூர் போகும்போது தன் பையைத் தானே அடுக்குகிறவர், குடும்பத்தோடு போகும்போது மட்டும் மறந்துவிடுவாரா?

சுமப்பவரே அடுக்கினால் இன்னொரு லாபமும் உண்டு. மூட்டை தானாகவே இளைத்துவிடும்!

எவ்வளவு போதும்?

ரயிலில் படுக்கை வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. அனுமதி உண்டு என்பதற்காக அவ்வளவும் தூக்குவதா? 40 கிலோ என்றால் 25 கிலோ அரிசி மூட்டையில் ஒன்றரைக்கும் மேல்!

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலை நினைத்துப் பாருங்கள். 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கிய ரயில் அது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதன் பெட்டிகள் சிறியவை. பெரிய மூட்டைகளுக்கு அங்கே இடம் ஏது?

நான்கு நாள் பயணத்துக்கு ஆளுக்கு மூன்று மாற்று உடை போதும். ஸ்வெட்டர் ஒன்று, காதை மூடும் குல்லாய் அல்லது மப்ளர் ஒன்று. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்திலும் இரவில் குளிரும். ஆனால் ஒரு ஸ்வெட்டரை நான்கு நாளும் போடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புதுச் செருப்பு வேண்டாம். அது காலைக் கடிக்கும். பழகிய செருப்பே நல்லது.

மறக்கக் கூடாதவை

1. தினமும் சாப்பிடும் மாத்திரைகள். இவை பெரிய பெட்டியில் இருக்கக் கூடாது. கைப்பையில் இருக்க வேண்டும். மாத்திரையின் பெயரை ஒரு தாளில் எழுதித் தனியே வையுங்கள்.

2. டிக்கெட்டும் அடையாள அட்டையும். அட்டையின் அசலைக் கொண்டுபோங்கள். நகல் போதாது.

3. சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது. புறப்படுமுன் அப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

4. வீட்டிலிருந்தே தண்ணீர்ப் பாத்திரம். ஒரு முறை குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ஒன்று போதும்.

5. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சாலையில் போனால், 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சிலருக்குக் குமட்டும். எலுமிச்சம்பழமும் சில காகிதப் பைகளும் கையில் இருக்கட்டும்.

இவை அனைத்தும் ஒரு சின்னப் பையில் அடங்கிவிடும். இவற்றில் பல உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன!

கடைசியாக ஒரு வார்த்தை

பயணத்துக்கு முதல் நாள் மாலை, வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்காருங்கள். அவரவர் பையை அவரவர் முன்னே வையுங்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். அவள் கையில் ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள்.

பூங்கா வாசலில் காவல் இருக்க அவள் வரவில்லை. அவளும் பூவைப் பார்க்கத்தான் வருகிறாள்.