தமிழில் அழைத்து ஆங்கிலத்தில் கட்டுவதோ?

ஆங்கிலம் அறியாமை வேறு. வணிகம் அறியாமை வேறு. நாளங்காடியில் காய்கறி விற்கும் மூதாட்டி, வாங்குவோர் முகக்குறிப்பை நொடியில் உணர்கின்றாள். வரவு செலவை உள்ளத்திலேயே கூட்டிக் கழிக்கின்றாள். அவ்வறிவுக்கு ஆங்கிலம் துணைநின்றதில்லை. ஆயினும், அவள் பெயர்த்தி கைப்பேசி வழியே விற்பனைத் தொழிலில் இறங்குங்கால், "உனக்கு ஆங்கிலமும் தெரியாது, கணினியும் தெரியாது. சொன்னதை மட்டும் செய்" என்று வாயடைக்கப் பெறுகின்றாள். இது முறையன்று.

ஈண்டுக் குறிக்கப்படும் தொழில் இணையத் தரகு. நிறுவனம் ஒவ்வொரு தரகர்க்கும் தனித்தனி இணைப்பு ஒன்றைத் தரும். தரகர் அதனைப் பிறர்க்கு அனுப்புவார். அதன்வழிச் சென்று எவரேனும் பொருள் வாங்கின், தரகர்க்கு விலையில் ஒரு சிறு பங்கு கிட்டும். கடை வேண்டா, சரக்கு வேண்டா. அதனாலேயே இல்லத்திலிருக்கும் பெண்டிரும் வேலை தேடும் இளைஞரும் இதனை நாடுகின்றனர்.

2020-ஆம் ஆண்டு சூனில் பிளிப்கார்ட்டும் செப்டம்பரில் அமேசானும் தமிழில் பொருள் வாங்க வழிசெய்தன. தமிழர் பணத்தைப் பெறத் தமிழ் வேண்டும் என்பதை வணிகர் நன்கு உணர்ந்துகொண்டனர். ஆனால், இத்தகைய நிறுவனங்களுக்காக உழைக்க வரும் தரகரைக் கட்டும் ஒப்பந்தமோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நீள்கின்றது. வாங்குவோர்க்குத் தமிழ், உழைப்போர்க்கு ஆங்கிலம்! இஃது என்ன நடுவுநிலை?

ஒப்பந்தத்துள் இருப்பவை புறக்கணிக்கத்தக்க செய்திகள் அல்ல. அமேசானில் தரகராகப் பதிந்தோர் 180 நாளுக்குள் தகுதியான மூன்று விற்பனையேனும் காட்டாவிடின் கணக்கு மூடப்படும். தம் இணைப்பின்வழித் தாமே வாங்கிய பொருளுக்குத் தரகு இல்லை. வாங்கியவர் பொருளைத் திருப்பிவிடின் தரகும் போய்விடும். இவற்றை அறியாதவர் ஆறு திங்கள் உழைத்து வெறுங்கையராய் நிற்பர். பழியையும் தம் அறியாமைமேலேயே ஏற்றிக்கொள்வர்.

"ஆங்கிலம் கற்றபின் வரட்டுமே" என்பார் உளர். கற்க விரும்புவோர் கற்க. ஆனால், அடுப்பெரிய வேண்டுவது இன்று. அயன்மொழி கைவருவதோ பல்லாண்டு கழித்து. "மொழிபெயர்ப்புப் பொறி உண்டே" என்பாரும் உளர். பொறி பொதுக்கருத்தைத் தரும். 'ஒழிய', 'உட்பட' என்னும் சிறு சொற்களில் அது சறுக்கின், ஒப்பந்தத்தின் பொருளே தலைகீழாகும்.

ஆதலின், இத்தொழிலுக்குப் பிறரை அழைத்துப் பயிற்றுவோர்க்குச் சில கடமைகள் உள. பதிவுக்கு முன்னரே நெறிமுறைகளை ஒரு பக்க அளவில் தமிழில் எழுதிக் கொடுக்க, படித்தும் காட்டுக. கைப்பேசியைத் தாமே வாங்கி அனைத்தையும் செய்து முடிக்காமல், கற்பவர் விரலாலேயே செய்விக்க. பிறர் கடவுச்சொல்லைக் கேளாதிருக்க. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குக; ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் சுற்றுவழி ஆங்கிலம் அறியாதார்க்கு இரட்டைச் சுமையன்றோ? பரிந்துரைக்கும் பொருளில் தமக்குத் தரகு உண்டென்பதை வெளிப்படையாகத் தமிழிலேயே அறிவிக்கவும் கற்பிக்க. பரிந்துரை எம்மொழியிலோ அம்மொழியிலேயே அவ்வறிவிப்பும் இருத்தல் வேண்டும் என்பது, 2023 சனவரியில் நடுவணரசின் நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்.

பொருள் விற்பனைக்கன்றி ஆள்சேர்ப்புக்கே பணம் தரும் அமைப்பு இணையத் தரகு அன்று, அது பணச்சுழற்சி. அதனைத் தடுக்கும் சட்டம் 1978-இலேயே இயற்றப்பட்டது. சேர்வதற்கே பணம் கேட்கும் இடத்தில் கால் வையற்க என்பதையும் முதல் நாளே சொல்லிவைக்க.

தமிழன்பர்க்கும் ஒரு சொல். நற்றமிழ்ச் சொல்லைக் கற்பித்தல் கடனே. ஆனால், திரையில் ஆங்கிலச் சொல் நிற்கையில் தமிழ்ச்சொல்லை மட்டும் கூறிச் செல்லின், கற்பவர் எந்தப் பொத்தானை அழுத்துவதென்று திகைப்பர். திரைச்சொல்லை அடையாளங் காட்டி, அதன் பொருளைத் தமிழில் உணர்த்துக. திரையே தமிழாகும் நாள்வரை அதுவே உண்மைத் தொண்டு.

புரியாத ஒப்பந்தத்தில் இட்ட கையெழுத்து இசைவாகாது. தமிழில் அழைத்தோர் தமிழிலேயே விளக்கட்டும். தமிழில் விளக்கும்வரை எவரும் ஒப்பமிடற்க!