இரு வண்டிகளுக்கு நடுவே ஒரு முழம்

கரும்பு அரவைப் பருவம் வந்துவிட்டால், கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பில் தேங்கி நிற்கும் பேருந்துகளுக்கும், இருபுறமும் கரும்பு பிதுங்க ஆலைக்குச் செல்லும் டிராக்டர்களுக்கும் நடுவே எஞ்சுகிற முழ அகலச் சந்தில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து புகுந்து முன்னேறுவதைக் கண்டு, இளைஞர்களின் அவசர புத்தியை நிந்திப்பது நமக்குச் சுலபமாகிவிட்டது. அந்த நிந்தனையில் பாதிதான் நியாயம். 2019-இல் மாவட்டத் தலைநகரான பிறகு, காரியார்த்தமாக இங்கு வரும் ஜனங்கள் பெருகிய விகிதத்தில் பழைய கடைவீதிகள் அகன்றுவிடவில்லை. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வரும் மலைவாசிக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரமுமல்ல.

நின்றுவிட்ட வண்டிகளுக்கிடையே மெல்லப் புகுவதையும், ஓடும் வண்டிகளுக்கிடையே பாய்வதையும் ஒரே குற்றமாகப் பாவிப்பது என் அபிப்பிராயத்தில் தவறு. கலிபோர்னியா மாகாணம் 2016-இல் வண்டிகளுக்கிடையே மோட்டார் சைக்கிள் புகுந்து செல்லும் வழக்கத்தைச் சட்டத்தில் அங்கீகரித்தது. ஆனால் அங்கே சாலையில் தடங்கள் உண்டு, இங்கே கோடு போட்டாலும் அதைப் பார்ப்பவர் யார்? டிராக்டர் திரும்பும்போது பின்னால் வரும் டிரெய்லர் முன்சக்கரங்களின் தடத்தைவிட்டு உள்வளைந்து வரும் என்பதையும், கரும்புச் சுமை ஓட்டுநரின் பின்பார்வையை மறைக்கும் என்பதையும் அறியாமல் அதன் இடப்புறம் நுழைகிறவனுக்கு வாழ்வின் எல்லை அந்தச் சக்கரந்தான்.

பள்ளி நேரங்களில் கரும்பு வண்டிகளைப் புறவழிச்சாலைக்குத் திருப்பி, சந்திப்பின் நிறுத்தக்கோட்டுக்கு முன்னால் இருசக்கர வாகனங்களுக்கென்று பிரத்தியேகமாகச் சிறிது இடம் ஒதுக்குவதற்கு மாவட்ட நிர்வாகத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது.