வண்டிப் பராமரிப்பு: தானியங்கிக் கியரின் சிவப்பு எண்ணெய்

சென்ற இதழில் என்ஜின் எண்ணெயைப் பற்றி எழுதினோம். இத்திங்கள், அதனினும் குறைவாகக் கவனிக்கப்படுகிற, ஆனால் அதனினும் அதிகச் செலவு வைக்கக்கூடிய வேறோர் எண்ணெயைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அது பிக்கப் வண்டிகளின் தானியங்கிக் கியர்பெட்டியில் உள்ள சிவப்பு எண்ணெய்.

குடும்பம் அமர ஓர் அறை, பின்னால் சாமான் ஏற்ற ஒரு தட்டு என்ற அமைப்புடைய பிக்கப் வண்டிகளைச் சொந்த உபயோகத்திற்கு வாங்குவோர் இப்போது உண்டு. 2019-ஆம் ஆண்டில் தானியங்கிக் கியருடன் வந்த இசுசு வி-கிராஸும், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸும் இவ்வகையில் இந்தியாவில் அறிமுகமானவை. இவற்றை வாங்கியவர்களிடம், "இந்த எண்ணெயை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை" என்று சொல்லி அனுப்புவோர் உள்ளனர். யாருடைய ஆயுள் என்பதே கேள்வி. எண்ணெயின் ஆயுள் முடியும்போது கியர்பெட்டியின் ஆயுளும் முடிந்தால், அந்த வாக்கு பொய்க்கவில்லை. ஆனால் நஷ்டம் நம்முடையது. வண்டியை 5 ஆண்டில் விற்பவர் கவலைப்பட வேண்டாம். 15 ஆண்டு ஓட்ட எண்ணுபவரும், பழைய வண்டியை வாங்குபவரும் கவலைப்பட வேண்டும்.

கையால் மாற்றும் கியரில் எண்ணெய்க்குப் பற்சக்கரங்களை உராயாமல் காப்பதே பெரும் பணி. தானியங்கிக் கியரிலோ அதற்குப் பணிகள் பல. டார்க் கன்வர்ட்டர் என்னும் உறுப்பில், என்ஜினின் வலிமையைச் சக்கரங்களுக்குக் கடத்துவது இவ்வெண்ணெயே. கியர் மாறும் வேளையில் கிளட்சுத் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது இதன் அழுத்தமே. தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது பற்ற வேண்டும் என்பதை நிர்ணயிப்பதும் இதில் கலந்துள்ள மருந்துச் சரக்குகளே. உள்ளே பிறக்கும் சூட்டை வெளியே கொண்டு செல்வதும் இதுவே. ஆகவே, இதனை வெறும் மசகு என்று எண்ணுவது தவறு. இது யந்திரத்தின் ஓர் உறுப்பு.

இவ்வெண்ணெய்க்குப் பகை தூரம் அன்று, சூடு. சூடு 10 டிகிரி ஏறுந்தோறும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது பொறியாளர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. எனவே டில்லியிலிருந்து சென்னைக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் கோடைப் பயணமே கியர்பெட்டியை வாட்டுகிறது என்று நினைப்பது முழு உண்மையன்று. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது லாக்-அப் கிளட்சு பூட்டிக்கொள்ளும், டார்க் கன்வர்ட்டரில் வழுக்கல் இராது, சூடும் குறைவு. நகர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து நிற்பதும், சுமையுடன் மலைப்பாதை ஏறுவதும், டிரெய்லர் இழுப்பதும், மணலிலும் சேற்றிலும் சிக்கிச் சக்கரம் சுழலவிடுவதுமே எண்ணெயைக் கருக்குகின்றன. வருடத்திற்கு ஒரு முறை ஊருக்குப் போய் வரும் வண்டியினும், நாள்தோறும் அலுவலகத்திற்கு நெரிசலில் சென்று வரும் வண்டிக்கு முன்னதாக எண்ணெய் மாற்ற நேரலாம்.

அப்படியானால் எப்போது மாற்றுவது? முதலில் வண்டியுடன் தந்த கையேட்டைப் பாருங்கள். சாதாரண உபயோகத்திற்கு ஒன்று, கடுமையான உபயோகத்திற்கு ஒன்று என இரு பட்டியல்கள் பல கையேடுகளில் இருக்கும். நம் நாட்டு வெயிலிலும் நெரிசலிலும் சுமையிலும் ஓடும் வண்டிக்கு இரண்டாவது பட்டியலே பொருந்தும். கையேடு கணக்கு ஒன்றும் சொல்லாவிட்டால், 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் ஒரு முறை மாற்றுவது விவேகம். மலைப்பகுதியிலோ டிரெய்லருடனோ ஓடும் வண்டிக்கு 40,000 முதல் 50,000 போதும்.

கணக்கு வருமுன்பே மாற்ற வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. எண்ணெயில் கருகிய வாடை வந்தாலும், கியர் மாறும்போது உதறினாலும், டி-யில் போட்டபின் வண்டி நகரத் தாமதித்தாலும் உடனே காட்ட வேண்டும். நிறம் ஒன்றையே கொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடாது. சில எண்ணெய்கள் கெடாமலே விரைவில் கருமை கொள்ளும். ஆனால் ரோஸ்மில்க் போல் வெளிறிக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டதென்று பொருள். மழை வெள்ளத்தில் ஆழ இறங்கிய வண்டியிலும், ரேடியேட்டருக்குள் அமைந்த எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையான வண்டியிலும் இவ்வாறு நேரும். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே நன்று.

எந்த எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. டொயோட்டா வண்டிகளுக்கு டபிள்யூ.எஸ். என்று குறிப்பிட்டதும், அதற்கு முந்தைய டி-4 என்பதும் இரண்டும் சிவப்பே. ஆயினும் ஒன்றுக்கொன்று ஆகாது. கலந்துள்ள சரக்கு எத்துணை முக்கியம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் இவ்வெண்ணெய்களில் திமிங்கல எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதனைத் தடை செய்தபின், தக்க மாற்று அமையும்வரை அந்நாட்டில் கியர்பெட்டிப் பழுதுகள் பெருகின. ஆகவே கையேட்டில் எழுதிய பெயரும் டப்பாவில் அச்சிட்ட பெயரும் ஒத்திருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். பட்டறையில் 'கியர் ஆயில்' என்று மட்டும் கேட்டால் கையால் மாற்றும் கியருக்குரிய கெட்டி எண்ணெயைக் கொடுத்துவிடக்கூடும், 'ஏ.டி.எஃப்.' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாஷை புதிதாயினும் இம்மூன்று எழுத்துகள் எல்லா ஊரிலும் ஒன்றே.

இனி மாற்றும் முறை. இதனை வீட்டு வாசலில் செய்ய நாம் சிபாரிசு செய்யவில்லை. அருகில் நின்று கவனிக்கவே இதனை எழுதுகிறோம். வண்டி மட்டமாக நிற்க வேண்டும். முதலில் கழற்ற வேண்டியது நிரப்பும் துளையின் மூடி. அது துருப்பிடித்து வராமற்போனால், எண்ணெயை வடித்தபின் நிரப்ப வழியில்லாமல் வண்டி அங்கேயே கிடக்கும். பிறகு வடிகால் மூடியைத் திறந்து, வடிவதை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளக்க வேண்டும். கீழ்த்தட்டைக் கழற்றினால் அதிலுள்ள காந்தங்களைப் பாருங்கள். மாவு போன்ற நுண்ணிய இரும்புத்தூள் இயல்பானது. துண்டுகளும் சீவல்களும் இருந்தால் உள்ளே தேய்மானம் முற்றியிருக்கிறது. வடிகட்டியும் கேஸ்கட்டும் புதிதாக அமையட்டும்.

வடிந்த அளவே புதிது ஊற்றுவது முதற்படி. பின்னர் என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என ஒவ்வொன்றிலும் சில விநாடிகள் நிறுத்த வேண்டும். அளவுக்கோல் இல்லாத வண்டிகளில், எண்ணெயின் சூடு கையேடு குறித்த டிகிரிக்கு வந்தவுடன் வழிதுளையைத் திறப்பார்கள். பல வண்டிகளில் அது 40 டிகிரியை ஒட்டியது. மெல்லிய சரடாக வழிந்து நின்றால் மட்டம் சரி. சூட்டை ஸ்கானர் கருவியால் பார்க்க வேண்டும். கையால் தொட்டுச் சொல்வது போதாது. எண்ணெய் குறைந்தால் தட்டுகள் வழுக்கும். மிகுந்தால் நுரைத்துக் காற்று கலக்கும். இரண்டும் கேடே.

இப்படி வடிப்பதில் மொத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையே வெளிவரும். எஞ்சியது கன்வர்ட்டரில் தங்கும். பாதி மாறியதாகக் கொண்டால், சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒரு முறை செய்ய முக்கால் பங்கு புதிதாகிவிடும். யந்திரம் வைத்து முழுதும் கழுவித் தள்ளும் முறையும் உண்டு. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரை ஒருமுறையும் மாற்றாத வண்டிக்கு அது வேண்டாம். படிந்த கசடு பெயர்ந்து வால்வுகளில் அடைத்துக்கொள்ளலாம். முன்பே வழுக்கத் தொடங்கிய கியர்பெட்டியைப் புதிய எண்ணெய் பிழைப்பிக்காது என்பதையும் அறிக.

எண்ணெய் மாற்றச் சில ஆயிரம் ரூபாய் செலவாகும். கியர்பெட்டியை மாற்றினால் லட்சக்கணக்கில் ஆகும். அந்த வேறுபாடு ஒரு குழந்தையின் கல்லூரிக் கட்டணமாகவோ, ஊரிலுள்ள பெற்றோரின் மருத்துவச் செலவாகவோ இருக்கக்கூடும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எண்ணெயின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பழைய வண்டி வாங்கும் அன்பர்களும் விற்பவரிடம் அந்த ரசீதைக் கேளுங்கள். "ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம்" என்பதே பதிலானால், அந்தச் செலவையும் கணக்கிட்டு விலை பேசுங்கள்.

அடுத்த திங்கள் பிரேக் எண்ணெயைப் பற்றிப் பார்ப்போம்.