யந்திரம் வரட்டும்; தொழிலாளி வெளியேறக் கூடாது!

பாலங்களுக்கும் ஆலைக் கூரைகளுக்கும் எஃகு உத்தரங்களை அறுத்து, துளையிட்டு, சட்டம் கட்டித் தருவது ஃபேப்ரிகேஷன் தொழில். டேப் பிடித்து அளந்ததும், கோடு கிழித்ததும், பஞ்ச் அடித்துத் துளை போட்டதும் தொழிலாளியின் கரம். இன்று பெரிய பட்டறைகளில் கம்ப்யூட்டர் யந்திரம் வந்துவிட்டது. ஆபீசில் தயாரான படத்தின் கணக்கு நேரே யந்திரத்துக்குப் போகிறது. அது உத்தரத்தை அளந்து, மூன்று பக்கமும் துளையிட்டு, அறுத்துத் தள்ளுகிறது. கோடு கிழித்த தொழிலாளி கைகட்டி நிற்கிறார்.

யந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. முதுகொடியும் பாரமும், காஸ் புகையும், துளை தவறிய உத்தரத்தைத் திரும்பச் செய்யும் வீண் உழைப்பும் குறைவது நல்லதே. பலன் யாருக்கு என்பதே கேள்வி. அறுவடை யந்திரம் வயலில் இறங்கியபோது கூலி நாட்கள் குறைந்ததை விவசாயத் தொழிலாளி அறிவார். 1955இல் கான்பூர் மில் தொழிலாளர் 80 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது இந்தக் கேள்விக்காகத்தான்.

1957இல் 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு வழி காட்டியது: யந்திரம் புகுத்துவதால் இருப்பவர் வேலையோ வருமானமோ போகக் கூடாது; லாபத்தில் பங்கு வேண்டும்; வேலைப்பளு முறையாகக் கணக்கிடப்பட வேண்டும். முதலாளிகளும் அமர்ந்திருந்த மாநாடு அது!

ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் நவீனமுறைக்கு முன்நோட்டீஸ் வேண்டும் என்பது 1947ஆம் வருடச் சட்டத்தில் இருந்தது. 2020ஆம் வருடத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் ஆட்குறைப்புக்கு சர்க்கார் அனுமதி பெற வேண்டிய ஆலைகளின் வரம்பை அதே தொகுப்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்திவிட்டது. ஒரு கையால் நோட்டீஸ், மறு கையால் வேலை நீக்கம்!

யந்திரம் தானாக எதையும் அறியாது. வளைந்த உத்தரத்தைக் கண்டுபிடிப்பதும், துண்டுகளைப் பொருத்துவதும், வெல்டிங் வைப்பதும் இன்றும் பெரும்பாலும் தொழிலாளியின் திறமையே. ஆகவே மார்க்கருக்கும் ஃபிட்டருக்கும், கான்ட்ராக்ட் தொழிலாளி உட்பட, வேலை நேரத்தில் முழுச் சம்பளத்துடன் யந்திரப் பயிற்சி தர வேண்டும். ஒருவரையும் நீக்கக் கூடாது. உற்பத்தி பெருகினால் சம்பளம் உயர வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும்.

யந்திரம் பட்டறைக்குள் நுழையுமுன் இக்கோரிக்கைகளைச் சங்கம் முன்வைக்கட்டும். நுழைந்தபின் பேசுவது, வெள்ளம் வந்தபின் அணை போடுவதாகும். நிரந்தரத் தொழிலாளியும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் ஒரே அணியில் நின்றால், யந்திரம் நமக்கு எஜமானனாகாது, கருவியாகவே இருக்கும்.