ரேண்டம் பட்டனை விடுங்க, முக்கோணத்தைத் தொடுங்க

போன வருஷம் சிம்போசியம் போஸ்டருக்கு ஒரு படம் போட்டேன். கறுப்புப் பின்னணியில் நீலமும் மஞ்சளும் புகை மாதிரி சுருண்டு போகும். எல்லாரும் "செம"ன்னாங்க. செகண்ட் இயர் தம்பி ஒருத்தன் மட்டும், "அக்கா, இந்தச் சுருள் எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டான்.

எனக்குத் தெரியலை. அபோஃபிசிஸ் சாஃப்ட்வேரில் ரேண்டம் பேட்ச் கொடுத்தேன், வந்ததுல நல்லா இருந்ததை எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான். இறக்கி வெச்ச மினி ப்ராஜெக்ட்டுக்கு வைவாவுல முழிப்போமே, அதே முழி.

அந்த வாரம்தான் முதல்முறையா எடிட்டரைத் திறந்தேன். உள்ளே வெறும் முக்கோணங்கள். ஒவ்வொன்றும் ஒரு டிரான்ஸ்ஃபார்ம், அதாவது ஆறு எண்கள். நாலு எண் ஒரு 2×2 மேட்ரிக்ஸ், மிச்சம் ரெண்டு இடம் நகர்த்த. சாஃப்ட்வேர் ஒரு புள்ளியை எடுக்கும். வெயிட்டைப் பொறுத்து ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபார்மைத் தேர்ந்தெடுத்து அதில் போடும். கிடைத்த புள்ளியை மறுபடியும் போடும். இப்படி லட்சக்கணக்கான தடவை. 1992-ல் ஸ்காட் டிரேவ்ஸ் உருவாக்கிய ஃப்ராக்டல் ஃப்ளேம் முறையின் அடிப்படை இதுதான். அவர் இதில் சேர்த்த முக்கியமான விஷயம் வேரியேஷன்கள். மேட்ரிக்ஸ் நேராகத்தான் நகர்த்தும், வேரியேஷன் வளைக்கும். ஸ்ஃபெரிக்கல் கொடுத்தால் மையத்துக்குப் பக்கத்தில் இருப்பது தூரமாகப் போகும், தூரத்தில் இருப்பது உள்ளே வரும். ஸ்வர்ல் கொடுத்தால் புள்ளி மையத்தைச் சுற்றித் திரும்பும். தூரம் கூடக்கூடத் திருப்பமும் கூடும்.

என் போஸ்டர் ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு வேரியேஷனா 0 ஆக்கிப் பார்த்தேன். ரெண்டாவது டிரான்ஸ்ஃபார்மில் ஸ்வர்லை 0 ஆக்கினதும் சுருள் காணாமப் போச்சு. தம்பிக்குப் பதில் கிடைச்சது, ரெண்டு மாசம் லேட்டா.

ஃபர்ஸ்ட் இயரில் மேட்ரிக்ஸ் படிச்சோம், 16 மார்க் வாங்கினோம். டிடர்மினன்ட் என்பது பரப்பளவு எத்தனை மடங்கு மாறுது என்பதைச் சொல்லும் எண் என்று எனக்கு உறைத்தது, அந்த முக்கோணத்தைச் சுருக்கிப் பார்த்தபோதுதான். பாதி அளவாக்கினால் 0.25. கணக்கு கண்ணுக்குத் தெரிஞ்சது.

குந்தாரப்பள்ளியில் எங்க வீட்டு வாசலில் பாட்டி சிக்குக் கோலம் போடும். ஒரு வளைவு தப்பினால் கோடு வந்து சேராது. எங்கே தப்பினதுன்னு கேட்டா, பாட்டி விரல் நேரா அந்தப் புள்ளிக்குப் போகும். அந்த விதிகளை ஆராய்ச்சியாகவே எழுதியிருக்காங்க: தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, இவங்களோட கமலா கிருத்திவாசன். 1974-ல் வந்த கட்டுரை அது. சின்ன வடிவத்திலிருந்து விதி வைத்துப் பெரிய கோலத்தை வளர்க்கும் இலக்கணம். கம்ப்யூட்டர் படத்துக்கு விதி எழுதும் வேலை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை.

ரேண்டமே தப்புன்னு சொல்லலை. டிரேவ்ஸின் எலக்ட்ரிக் ஷீப்பே ரேண்டமா வர்றதையும் மக்கள் போடும் ஓட்டையும் வெச்சுத்தான் வளருது. ரேண்டம் ஒரு நல்ல ஆரம்பம். ஆனா அங்கேயே நின்னுட்டு "நான் செஞ்சது"ன்னு பேர் போட்டுக்கறதுதான் எனக்கு உறுத்துது. நாளைக்கு ஓசூரில் ஏதோ ஒரு கம்பெனியில், ஓடுற மெஷினில் ஒரு செட்டிங் மாறி பீஸ் எல்லாம் ரிஜெக்ட் ஆகும்போது, "எது மாறினதால இது வந்துச்சு?"ன்னுதான் கேப்பாங்க. அங்கே ரேண்டம் பட்டன் இருக்காது.

இந்த வாரம் ஒண்ணு செய்ங்க. காலி ஃப்ளேமில் மூணு டிரான்ஸ்ஃபார்ம் வைங்க. எல்லாம் பாதி அளவு, ஒரே வெயிட், லீனியர் 1. நகர்த்தும் எண்கள் முதலாவதுக்கு 0, 0, ரெண்டாவதுக்கு 0.5, 0, மூணாவதுக்கு 0, 0.5. சியர்பின்ஸ்கி முக்கோணம் வரும். அப்புறம் ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மில் ஸ்வர்ல் 0.1 சேருங்க. என்ன வரும்னு முதல்ல பேப்பரில் வரைஞ்சுட்டு, அப்புறம் ஸ்க்ரீனைப் பாருங்க.

தப்பா வரைஞ்சாலும் பரவாயில்லை. அடுத்த தடவை ஒரு தம்பி கேட்டா, பதில் இருக்கும்.