குஞ்சு பிழைக்க வேண்டாமா?

வண்ண மீன் வளர்ப்பதென்றால் கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கி முன்னறையில் வைப்பது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். மீன் செத்தால் வேறு வாங்குகிறோம். இதை வளர்ப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. குஞ்சு பிழைத்து, அதுவும் ஒருநாள் இனம் பெருக்கும் வரை காப்பதே வளர்ப்பு.

காட்டூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில் நான்கு கப்பி மீன்களை விட்டேன். கப்பி முட்டையிடாது, குட்டியே போடும். ஒரு மாதத்தில் இருபதுக்கு மேல் குட்டிகள். மறுநாள் காலை எண்ணினால் மூன்றுதான். தாயே தின்றுவிட்டிருந்தது! "பெத்த புள்ளையையே திங்குதே" என்று அம்மா அன்று முழுதும் அந்தப் பக்கம் வரவில்லை. வேலம்பாசி நிறையப் போட்டிருந்தால் குட்டிகள் ஒளிந்து தப்பியிருக்கும் என்பது பிறகே தெரிந்தது.

அடுத்துச் சண்டை மீன். இதில் தகப்பனே தாய். நீர்மட்டத்தில் குமிழிகளால் கூடு கட்டி, முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் சேர்ப்பது ஆண்தான். முட்டையிட்ட பெண்ணை உடனே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் ஆண் கடித்துக் குதறிவிடும். ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஆணையும் பிரித்துவிட வேண்டும். அந்தச் சின்னஞ்சிறு வாய்க்குள் கடைத்தீனி நுழையாது. வைக்கோல் ஊறிய நீரில் பெருகும் நுண்ணுயிர்களே முதல் உணவு. அந்நீரைச் சில நாள் முன்னரே ஆயத்தம் செய்ய வேண்டும். நானோ முட்டையைப் பார்த்த பிறகு வைக்கோல் தேடினேன். முதல் முறை பொரித்தவை அத்தனையும் பட்டினியில் மடிந்தன. பாரமீசியத்தைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். அது ஒரு வயிற்றுக்குச் சோறு என்று உணர்ந்தது அன்றுதான்.

ஆகவேதான் இதை எழுதுகிறேன். கல்லூரிகளில் விலங்குகளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் நிறுத்தச் சொன்னது. நல்லதே. ஆனால் அறுவை மேசையின் இடத்தைப் படத்துக்கும் கணிப்பொறித் திரைக்கும் விட்டுக்கொடுப்பது போதுமா? துறைக்கு இரண்டு தொட்டி வைத்து, குஞ்சு வளர்ப்பதைச் செய்முறையாக்கினால் என்ன? விடுமுறையில் யார் தீனி போடுவது என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். உள்ளூர் மாணவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். சென்னைக் கொளத்தூரில் இதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு என்பதையும் மறக்கலாகாது.

ஒன்று மட்டும் வேண்டாம். மிஞ்சிய மீனை உய்யக்கொண்டான் வாய்க்காலில் கொட்டாதீர்கள். தென் அமெரிக்காவின் 'சக்கர்' மீன் நம் நாட்டு ஏரிகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்குவது இப்படி யாரோ இரக்கப்பட்டு விட்டதன் பலன்தான்.

என்னிடம் இப்போது அறுபது கப்பிக் குட்டிகள் இருக்கின்றன. துறையில் தொட்டிக்கு இடம் கிடைத்தால் பத்து ஜோடியை வேலம்பாசியோடு கொண்டுவந்து தருகிறேன்.